நிலாவின் மேல் நான் போட்ட கோடு

கதவைத் தட்டாமல் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வரும் என் அப்பாவுக்கு,

அம்மா திங்கட்கிழமை விழுந்துவிட்டாள். பயப்படாதே, பெரிய அடி இல்லை. ரோஜாப் பண்ணையில், அந்தப் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள், குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்திருக்கிறாள். நிமிர்ந்ததும் கண் இருட்டி, செடி மேலேயே சாய்ந்துவிட்டாள். இரண்டு கையிலும் முள் கீறல். கூட வேலை செய்கிறவர்கள் முகத்தில் தண்ணீர் அடித்து, ஷேர் ஆட்டோவில் ஏற்றி ஜூஜுவாடியில் நம் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். ஆட்டோவில் இருந்து இறங்கியவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "உங்கப்பனுக்கு எப்பிடி இருந்திருக்கும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

நீ போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அன்றிலிருந்து அம்மா உப்பு தொடுவதில்லை. களி கிண்டும்போது தன் பங்கை முதலில் எடுத்து வைத்துக்கொள்கிறாள், அப்புறம்தான் என் பங்குக்கு உப்புப் போடுகிறாள். களிக்குத் தொட்டுக்கொள்ளும் சாற்றிலும் அப்படித்தான். துக்கத்துக்கு விரதம் இருக்கிறாள் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தோம். காரியம் முடிந்தது, வருடத் திதியும் முடிந்தது. இன்னும் உப்பு இல்லை. கேட்டால் ஒரே பதில். "உப்பக் கொறச்சு அந்த மனுசனக் கொன்னவ நானு. எனக்கு என்னாத்துக்கு உப்பு?"

உன்னைக் கொன்றது அம்மா இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு வருடமாக வாயைத் திறக்கவில்லை. இப்படியே விட்டால் அவளும் ஒருநாள் விழுந்து எழாமல் போய்விடுவாள். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் பக்கத்து மெஷினில் நின்ற முனிராஜ் சித்தப்பா, அவர்கள் சங்கம் கொண்டுவரும் மாதப் பத்திரிகைக்கு உன்னைப் பற்றி எழுதித் தரச் சொன்னார். "அண்ணனப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடு மஞ்சு. கம்பெனிக்காரன நல்லாக் கிழிச்சு எழுது" என்றார். கிழிக்கிறேன், அதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. ஆனால் கம்பெனியை மட்டும் கிழித்துவிட்டு நான் ஒதுங்கிக்கொண்டால் அது பாதிப் பொய். ஒரு வருடமாக நான் சொல்லிக்கொண்டு வந்தது அந்தப் பாதிப் பொய்யைத்தான்.

எப்படி ஆரம்பித்தது, நினைவிருக்கிறதா? தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்பாய், இரண்டு அடி வைப்பாய், சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பாய். உன் உள்ளங்கை பட்டுப் பட்டுச் சுண்ணாம்பு அந்த இடத்தில் கறுத்தே போய்விட்டது. "பூமி சுத்துதுன்னு உங்க வாத்தியாரு சொல்லிக் குடுத்தாரில்ல பாப்பா, அது எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியுது" என்று சிரிப்பாய். அம்மா அடுப்பில் இருந்து திரும்பாமலே, "சுத்துனா உக்காரு, சர்க்கஸ் காட்டாத" என்பாள்.

வீட்டில் உட்காரலாம். கம்பெனியில் எங்கே உட்காருவது? அலுமினியத்தை உருக்கி வார்க்கிற அந்த மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். பதினொரு வருடமாக நின்றாய், பதினொரு வருடமும் கான்ட்ராக்ட். ஒரு ஸ்டூல் கேட்டதற்கு, "உக்காந்து பாக்கறதுக்கு இது என்ன சினிமாக் கொட்டாயா?" என்று சூப்பர்வைசர் கேட்டானாம். நீ அதையும் எங்களிடம் நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தாய். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் பல்லைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மயக்கம் வருகிறது என்று அங்கே சொல்லக்கூடாது என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. உங்கள் லைனில் வலிப்பு வந்து விழுந்த ஒருவரைக் கான்ட்ராக்டர் எவ்வளவு அன்பாகப் பேசி அனுப்பினான் என்று நீயே சொல்லியிருக்கிறாய். "நாளையில இருந்து வூட்ல ரெஸ்ட் எடுங்க. ஒடம்புதான் முக்கியம்." மறுநாள் அவர் கேட் பாஸ் வேலை செய்யவில்லை. அதற்கப்புறம் உங்கள் லைனில் யாருக்கும் எந்த வியாதியும் வரவில்லை. எல்லோரும் பாத்ரூமுக்குள் போய் மாத்திரை விழுங்கிவிட்டு வந்தார்கள்.

ஓசூரில் நாம் போய்ப் பார்த்த டாக்டர் கெட்டவர் இல்லை. உன்னைப் படுக்க வைத்து பிரஷர் பார்த்தார். எழுப்பி நிறுத்தி மறுபடி பார்த்தார். மூன்று நிமிடம் நிற்க வைத்து இன்னொரு தரம். படுத்திருந்தபோது நூற்று முப்பது, நின்றபோது எண்பத்தைந்து. பத்து வருடச் சர்க்கரை நரம்பைக் கெடுத்துவிட்டது, எழுந்து நின்றால் ரத்தம் காலில் தங்கிவிடுகிறது, அதை மேலே தள்ளச் சொல்லும் நரம்பு தூங்குகிறது என்று புரியும்படியாகவே சொன்னார். சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படி, சிறுநீர் எப்படிப் போகிறது என்றெல்லாம் கேட்டார். என்ன வேலை என்று கேட்டதற்கு நீ "கம்பெனி வேலை சார்" என்றாய். தலையாட்டிவிட்டு, "ரொம்ப நேரம் ஒரே எடத்துல நிக்காதீங்க" என்றார். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது நீ என்னைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். இரண்டு பேரும் தெருவில் நின்று சிரித்தோம், ஞாபகம் இருக்கிறதா?

முதலில் கொடுத்தது ஃப்ளூட்ரோகார்ட்டிசோன். காலையில் ஒன்று, பொடி மாத்திரை. உப்பை உடம்பில் பிடித்து வைக்கும், அதோடு தண்ணீரும் தங்கும், ரத்தத்தின் அளவு கூடும் என்றார். மாத்திரை பிடித்து வைப்பதற்கு உள்ளே உப்பு இருக்க வேண்டுமே, அதனால் தாராளமாக உப்பு போட்டுச் சாப்பிடச் சொன்னார். ஊரெல்லாம் டாக்டர்கள் உப்பைக் குறை, ஊறுகாயைத் தொடாதே என்று சொல்லிக்கொண்டிருக்க, உனக்கு மட்டும் ஊறுகாய்க்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று நீ லைன் வீடு முழுக்கச் சொல்லிப் பீற்றிக்கொண்டாய். அம்மா மோரில் ஒரு கை உப்பைக் கரைத்துக் கொடுப்பாள். "கடல்ல இருந்து மொண்டுக்கினு வந்தியா?" என்று கேட்டுக்கொண்டே குடிப்பாய்.

கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தச் சொன்னார் டாக்டர். நமக்கு ஏது கட்டில்? முனிராஜ் சித்தப்பா எங்கிருந்தோ ஒரு பழைய நாடாக் கட்டில் தூக்கிக்கொண்டு வந்தார். தலைப்பக்கம் இரண்டு சிமென்ட் ஹாலோ பிளாக் வைத்தோம். முதல் நாளே வழுக்கிக்கொண்டு கால்மாட்டுக்கு வந்துவிட்டாய். அம்மா அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

அந்த மாத்திரையில் கால் கொஞ்சம் வீங்கியது, சேஃப்டி ஷூ இறுக்கிப் பிடித்தது, மயக்கம் பாதிதான் குறைந்தது. இரண்டாவது தரம் போனபோது டாக்டர் இன்னொன்று சேர்த்தார். மிடோட்ரின். ஓசூரில் கிடைக்கவில்லை. நான் ஜூஜுவாடியில் பஸ் ஏறி, அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூரில் ஒரு பெரிய மருந்துக் கடையில் கன்னடத்தில் கேட்டு வாங்கி வந்தேன்.

அதைப் பற்றி அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். எத்தனை தரம் எனக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன்!

"இது ரத்தக் குழாய இறுக்கிப் பிடிக்கும். மூணு, நாலு மணி நேரம்தான் வேலை செய்யும். காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயந்திரம் நாலு மணிக்கு ஒண்ணு. போட்டுட்டுப் படுத்துட்டா பிரஷர் எக்குத்தப்பா ஏறிடும். படுக்கறதுக்கு நாலு மணி நேரம் முன்னாடியே நிறுத்திடணும். ராத்திரியில கண்டிப்பாப் போடக்கூடாது. புரியுதாம்மா?"

"புரியுது சார்" என்றேன். நான் பிளஸ் டூ முடித்தவள். நம் லைன் வீட்டில் சீட்டுப் படிக்கவும் மனு எழுதவும் எல்லோரும் வருவது என்னிடம்தான். எனக்குப் புரியாமல் இருக்குமா?

உனக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் வரும். அதனால் மாத்திரைக் கவர் மேல் நான் படம் போட்டேன். மலைக்குப் பின்னாலிருந்து பாதி எழுந்த சூரியன், அதற்கு நேரே ஒரு புள்ளி. உச்சியில் முழுச் சூரியன், ஒரு புள்ளி. பனைமரத்துக்குப் பக்கத்தில் சாய்ந்த சூரியன், ஒரு புள்ளி. கடைசியாக ஒரு பிறை நிலா. அதன் மேல் குறுக்கே ஒரு கோடு. கோடு தெரியாமல் போய்விடக் கூடாது என்று சிவப்புப் பேனாவால் இரண்டு தரம் அழுத்தினேன். நீ அதை வாங்கிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் காட்டினாய். "பாரு, எம் பொண்ணு எனக்குன்னு தனியா ஒரு காலண்டர் அடிச்சுக் குடுத்திருக்குது."

முதல் வாரம் உனக்குக் காலை ஷிஃப்ட். அடுத்த வாரம் மதியம். அந்த இரண்டு வாரத்தை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை அப்பா. மாத்திரை வேலை செய்தது. போட்டு அரை மணி நேரத்தில் உன் கை மயிர் சிலிர்த்து நிற்கும். "பாப்பா, தலையில எறும்பு ஊருது, வந்து பாரு" என்று கூப்பிடுவாய். அப்படித்தான் இருக்கும், மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "எறும்பு வந்தா நான் நிப்பன்" என்பாய். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு நடந்து போய் அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தாய். ஒருநாள் சாப்பிட்டுவிட்டு, சுவரைத் தொடாமல் எழுந்து, இரண்டு கையையும் விரித்து நின்று, "பாருங்கடி!" என்றாய். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பெரிய வித்தை, உக்காரு" என்றாள்.

மூன்றாவது வாரம் நைட் ஷிஃப்ட் வந்தது.

காலை ஆறரைக்கு வீட்டுக்கு வந்தாய். பாதிச் சூரியன். ஒரு மாத்திரை போட்டுவிட்டுப் படுத்தாய். மதியம் எழுந்து களி தின்று, உச்சிச் சூரியனுக்கு ஒன்று போட்டு மறுபடி படுத்தாய். நாலு மணிக்குப் பனைமரத்துச் சூரியன். போட்டுவிட்டு எட்டு மணி வரை இன்னொரு தூக்கம். ஒன்பது மணிக்குக் கம்பெனி பஸ். பத்து மணிக்கு நீ மெஷின் முன்னால் நின்றபோது அந்த மாத்திரை உன் உடம்பில் ஒரு துளிகூட இல்லை. நீ படுத்திருந்த நேரமெல்லாம் உன்னை நிற்க வைத்துவிட்டு, நிற்க வேண்டிய நேரத்தில் அது போய்விட்டது.

"பாப்பா, படுத்தா தல திம்முனு இருக்குது. மண்டைக்குள்ள உலக்க போட்டு இடிக்கற மாதிரி இருக்குது" என்று செவ்வாய்க்கிழமை சொன்னாய். படுத்தால் பிரஷர் ஏறும் என்று டாக்டர் சொன்னது என் காதில் விழுந்துதானே இருந்தது? "தூக்கம் பத்தலப்பா" என்றேன். அப்படிச் சொல்லிவிட்டு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். தலை பின்னிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

அதே வாரம்தான் பக்கத்து வீட்டு லட்சுமக்கா உன் வீங்கின காலைப் பார்த்துவிட்டு அம்மாவைத் திட்டியது. "என்னாடி இது, பிரஷர் மாத்திரை திங்கற மனுசனுக்கு இத்தினி உப்பு போடற? உப்பு தின்னாத்தான் காலு வீங்கும். ஆளக் கொன்னுடாத." பிரஷர் மாத்திரை என்றால் ஏறின பிரஷரை இறக்குவது என்றுதான் இந்த ஊருக்குத் தெரியும். இறங்கினதை ஏற்றவும் மாத்திரை உண்டு என்று லட்சுமக்கா எங்கே போய்த் தெரிந்துகொள்வது? அம்மா பயந்துபோய் உனக்கும் எனக்கும் சொல்லாமல் உப்பைக் குறைத்துவிட்டாள். மோரும் நின்றது. நான்கு நாள்தான்.

நான்காம் நாள் ராத்திரி நீ விழுந்தாய்.

நடந்ததை உன் காரியத்துக்கு வந்தபோது முனிராஜ் சித்தப்பா சொன்னார். உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எனக்கு எப்படிக் கிடைத்ததோ அப்படியே சொல்கிறேன். டீக்கு விட்டிருக்கிறார்கள். நீங்கள் இரண்டு பேரும் மெஷினுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உனக்கு அப்போதே கண் சுழன்றுகொண்டிருந்தது.

"அண்ணா, மாத்திரை பாக்கெட்டுலதான இருக்குது? ஒண்ணு போட்டுக்க" என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார்.

நீ சட்டைப் பையில் இருந்து அந்தக் கவரை எடுத்து அவரிடம் காட்டினாயாம். "இல்லப்பா. பாப்பா நெலாவ அடிச்சிருக்குது பாரு. ராத்திரி போடக்கூடாதாம். அது படிச்ச புள்ள, தெரியாமயா போட்டிருக்கும்?"

சைரன் அடித்தது. எல்லோரோடும் சேர்ந்து சட்டென்று எழுந்தாய். பிடித்துக்கொள்ள அங்கே சுவர் இல்லை. வார்ப்புகள் போட்டு வைக்கிற இரும்புத் தொட்டியின் மூலை இருந்தது.

சித்தப்பா இதை என்னிடம் ஆறுதலுக்காகத்தான் சொன்னார். "உம் மேல எத்தினி நம்பிக்கை வெச்சிருந்தாரு பாரு மஞ்சு" என்று என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். நான் எழுந்து போய்க் குழாயடியில் வாந்தி எடுத்தேன். சாப்பிடாததால் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் உன் சாமான்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பெல்ட், பீடிக்கட்டு, கேட் பாஸ், அந்தக் கவர். அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்ததுமே நான் செய்த தப்பு எனக்கு உறைத்துவிட்டது. அம்மா பார்ப்பதற்கு முன் கவரை எடுத்து என் ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன். "மாத்திரை எங்கடி?" என்று கேட்டாள். "தெரியலம்மா" என்றேன். அன்றைக்கு ராத்திரி அவள் உப்பு விஷயத்தைச் சொல்லி, சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதபோது, அந்தக் கவர் என் மேல்தான் இருந்தது. "நீ இல்லம்மா" என்று ஒரு வார்த்தை. என்னால் சொல்ல முடியவில்லை. அவள் தானாக முன்வந்து பழியை எடுத்துக்கொண்டாள். நான் எடுத்துக்கொள்ள விட்டுவிட்டேன்.

அதற்குப் பதிலாக ஊரெல்லாம் போய்க் கத்தினேன். கான்ட்ராக்டர், நீ குடித்துவிட்டு வேலைக்கு வந்ததாகச் சொன்னான். ஒரு சொட்டு தொடாத உன்னை! அவன் ஆபீஸ் மேசையில் இருந்த பேப்பரையெல்லாம் தள்ளிவிட்டு வந்தேன். அப்புறம் பேச்சை மாற்றினான். "வியாதிய மறைச்சு வேலைக்கு வந்தது ஒங்கப்பா தப்பும்மா. சொல்லியிருந்தா நாங்க பாத்திருக்க மாட்டமா?" பார்த்திருப்பார்கள். கேட் பாஸை நிறுத்திப் பார்த்திருப்பார்கள். அந்த ஸ்டூல் இன்னும் வரவில்லை. உன் இடத்தில் இப்போது ஒரிசாவில் இருந்து வந்த ஒருத்தன் நிற்கிறான், பத்தொன்பது வயது இருக்கும். அவனுக்குத் தலை சுற்றினால் அதைத் தமிழில் சொல்லக்கூடத் தெரியாது. அவர்களுக்கு அது இன்னும் சௌகரியம்.

டாக்டரிடமும் போனேன். உன் கதையைக் கேட்டுவிட்டு, "ஷிஃப்ட் டூட்டின்னு நீங்க சொல்லவே இல்லையேம்மா" என்றார்.

"நீங்க கேக்கவே இல்லையே சார்."

"கேட்டிருக்கணும்" என்றார். அப்புறம் சொன்னார். "மாத்திரைக்குப் பகலும் தெரியாது, ராத்திரியும் தெரியாதும்மா. அவர் எப்ப எழுந்து நிக்கறாரோ அதுதான் அவருக்குக் காலை. நைட் ஷிஃப்ட்டுன்னா டூட்டிக்குக் கெளம்பறப்ப ஒண்ணு, நடு ராத்திரியில ஒண்ணுன்னு மாத்திக் குடுத்திருப்பேன். விடிஞ்சு வந்து படுக்கறதுக்கு முன்னாடிதான் போடக்கூடாது."

உப்பைப் பற்றிக் கேட்டேன். "அதுவும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். ஆனா அவர் விழுந்த நேரத்துல மாத்திரை உடம்புல இல்ல. அதுதான் பெருசு" என்றார்.

இந்த ஊரில் பாதிப் பேருக்குக் காலை என்பது வாரத்துக்கு ஓர் இடத்தில் இருக்கிறது. கம்பெனி சைரனுக்கு அது தெரியும், டீக்கடைக்காரனுக்குத் தெரியும், கம்பெனி பஸ் டிரைவருக்குத் தெரியும். மருந்துச் சீட்டுக்கு மட்டும் தெரியாது. அதில் இன்னும் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம்தான் இருக்கிறது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வருகிறது. ஆனால் அந்தக் கோபம் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதும் எனக்குத் தெரியும். கான்ட்ராக்டருக்கு உன் உடம்பு தெரியாது, டாக்டருக்கு உன் ஷிஃப்ட் தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை நீ பகலில் தூங்குவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள். சத்தம் போடாமல் விளையாடக் கற்றுக்கொண்டதே அந்த வாரங்களில்தான். அந்த நான் எப்படி அப்பா அந்தக் கோட்டைப் போட்டேன்?

அம்மா விழுந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை, அவளை அதே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். படுக்க வைத்துப் பார்த்தார், நிற்க வைத்துப் பார்த்தார். "மாத்திரையெல்லாம் ஒண்ணும் வேணாம்" என்றார். "அந்தக் கூடாரத்துச் சூட்டுல நாள் பூரா வேர்க்குது, உப்பே உள்ள போகல. உப்பு போட்டுச் சாப்பிடச் சொல்லு, தண்ணி குடிக்கச் சொல்லு, சரியாயிடும். இப்படியே விட்டா ஒருநாள் எங்கயாவது தலைய இடிச்சுக்கப் போறாங்க."

அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "மாத்திரையே எழுதிக் குடுங்க சார். ஊசின்னாலும் போட்டுக்கறன். உப்பு மட்டும் வேணாம்" என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். என்னவென்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். பேனாவை மூடி வைத்துவிட்டார். அந்த உண்மை அவர் சொல்ல வேண்டியது இல்லையே.

நேற்று ராத்திரி ஒரு காரியம் செய்து பார்த்தேன். அவள் பங்குக் களியில் அவளுக்குத் தெரியாமல் ஒரு சிட்டிகை உப்பைக் கலந்துவிட்டேன். முதல் கவளத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, திட்டவில்லை, "இதுக்கு அந்த மனுசனுக்குப் போட்டிருந்தாலாச்சும் இருந்திருப்பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். ஏமாற்றி அவளைப் பிழைக்க வைக்க முடியாது அப்பா. உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் என்ன ஆகும்? அடிப்பாளா? என்னோடு பேசாமல் இருந்துவிடுவாளா? உன்னையும் இழந்து, நம்பியிருந்த என்னையும் இழந்தால் அவளுக்கு அப்புறம் யார் இருக்கிறார்கள்? இந்தக் கேள்விகளையெல்லாம் சாக்காக வைத்துக்கொண்டுதான் ஒரு வருடம் ஓட்டினேன். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? "போனது போவுது பாப்பா" என்பாய். அதனால்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நீ கொடுத்துவிடுவாய். கொடுக்கிறவனிடம் கேட்பது எனக்குச் சுலபம்.

முனிராஜ் சித்தப்பா இதை வாங்க திங்கட்கிழமை வருகிறார். நாளை ஞாயிறு, அம்மாவுக்கு வேலை இல்லை. துணி துவைத்துவிட்டு வந்து உட்காருவாள். சங்கத்துப் பத்திரிகைக்கு உன்னைப் பற்றி எழுதுகிறேன் என்று அவளுக்குத் தெரியும். "எனக்கு முதல்ல படிச்சுக் காட்டு, அப்புறம் குடு" என்று மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். உன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை கேட்க ஆசைப்படுகிறாள்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. கவரைப் பற்றி எழுதிய இடத்தை நான் தாண்டிவிட்டு மேலே படித்தால் அவளுக்குத் தெரியப்போவதில்லை. அதையும் யோசித்தேன், உன்னிடம் என்ன மறைப்பு.

தாண்ட மாட்டேன் அப்பா. அந்த இடம் வரும்போது நிறுத்தி, பேப்பரில் இருந்து தலையைத் தூக்கி, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அவள் என்ன செய்தாலும் எழுந்து போக மாட்டேன்.

உன் பேச்சைக் கடைசிவரை கேட்காமல், உன்னைத் தன் பேச்சைக் கேட்க வைத்த
உன் மகள்
மஞ்சுளா